நாவல்ல வரப்போற சண்டைய முன்னாடியே எப்படிக் கோடி காட்டுறது? ஏற்காடு காப்பித் தோட்டக் கதைக்கு யோசனை வேணும்

கன்னங்குறிச்சி_வாசகி:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எனக்கு ஊரு சேலம் கன்னங்குறிச்சி, அம்மா வழியில ஏற்காடு, லீவு விட்டா மேல தோட்டத்துலதான் கெடப்போம், அதனால அந்த மலைய வச்சு ஒரு நாவல் எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை, இப்பதான் உட்கார்ந்திருக்கேன்.

கதை இதுதான். அண்ணன் தம்பி ரெண்டு பேரு, அப்பா விட்டுட்டுப் போன காப்பித் தோட்டம். அண்ணன் மேலயே இருந்து தோட்டத்தப் பார்த்துக்கிறார், தம்பி கீழ சேலத்துல ஒரு சேகோ ஃபேக்டரில கணக்கு எழுதுறான், அறுவடை சமயத்துல மட்டும் மேல வருவான். ஆரம்பத்துல ரெண்டு பேரும் அவ்ளோ ஒத்துமை. கடைசில அறுவடை முடியுற நேரம் காப்பி காயப்போடுற களத்துல தம்பி கையில அரிவாளோட அண்ணனுக்கு எதிர்ல நிக்கிறான். வெட்டுறானா இல்லையாங்கிறது இருக்கட்டும், அந்த இடத்துக்கு வர்றப்ப படிக்கிறவங்களுக்கு "ஐயோ, வந்துருச்சே"ன்னு பதறணும், "இது எங்கிருந்து வந்துச்சு"ன்னு முழிக்கக் கூடாது.

அப்படின்னா முன்னாடியே கோடி காட்டணும்ல, அங்கதான் நிக்கிறேன். எழுதுற ஒரு அண்ணன் சொல்றார், சகுனம் வை, காக்கா கரையட்டும், விளக்கு அணையட்டும், ஏற்காடுன்னா மூடுபனி இருக்கு, அதுவே பாதி வேலை செஞ்சிரும்னு. இன்னொரு அக்கா அதெல்லாம் பழைய காலத்து வேலை, எதுவுமே காட்டாத, வாழ்க்கைல யாருக்கு முன்னாடியே தெரியுதுங்கிறாங்க. ரெண்டுமே சரியாப் படுது, ரெண்டுமே தப்பாவும் படுது. நீங்க படிச்ச நாவல்கள்ல எது எப்படி செஞ்சிருந்துச்சு, ஏன் அது வேலை செஞ்சுச்சு, கொஞ்சம் விரிவா சொன்னீங்கன்னா உதவியா இருக்கும்ங்க.

அம்மாப்பேட்டை_தமிழய்யா:

நல்ல கேள்விம்மா. சகுனம் பழைய காலத்து வேலைன்னு அந்தம்மா சொன்னத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். பழைய ஆளுங்க அத எவ்வளவு கவனமா செஞ்சிருக்காங்கன்னு நிதானமாப் பார்க்கணும். நாவல் இல்லைன்னாலும் சிலப்பதிகாரத்த விட்டுட்டு இதப் பேச முடியாது.

அதுல ஆய்ச்சியர் குரவைங்கிற பகுதிய எடுத்துக்க. கோவலன் சிலம்பு விக்க மதுரைக்குள்ள போயிட்டான், அவனுக்கு என்ன ஆச்சுன்னு இடைச்சேரில யாருக்கும் தெரியாது. அங்க என்ன நடக்குது? குடத்துல ஊத்தின பால் உறையல. உறியில இருக்கிற வெண்ணெய உருக்கினா உருகல. ஆட்டுக்குட்டி துள்ளி விளையாடல. காளையோட கண்ணுல தண்ணி, மாட்டோட கழுத்துமணி அறுந்து கீழ விழுது. ஒவ்வொண்ணும் சொல்லி சொல்லி "வருவது ஒன்று உண்டு"ன்னு முடிக்கிறார் இளங்கோ. என்ன வருதுன்னு சொல்லல, வருதுன்னு மட்டும்தான்.

இதுல நீ பார்க்க வேண்டியது, அத்தனை சகுனமும் பாலு, வெண்ணெய், மாடு, கன்னுதான். அவங்க இடையர். காலைல எந்திரிச்சா அவங்க முதல்ல தொடுறது பால் பானை. அதனால கெட்டது வரப்போகுதுன்னா அவங்களுக்கு அது பால் பானைலதான் தெரியும், கோட்டை மதில்ல தெரியாது. அதே கதைல கோவலனும் கண்ணகியும் மதுரையப் பார்க்கிற இடத்துல மதில் மேல இருக்கிற கொடிங்க காத்துல ஆடுறது "வராதீங்க"ன்னு கைகாட்டி மறிக்கிற மாதிரி இருந்துச்சும்பார். கொடி காத்துல ஆடத்தான் செய்யும், அதுல அதிசயம் ஒண்ணும் இல்ல, நடந்து வர்ற ரெண்டு பேரும் அதக் கண்டுக்கவே இல்ல. படிக்கிற நமக்கு மட்டும் வயித்தப் பிசையுது.

கனாவையும் சொல்லிடறேன். கண்ணகி கெட்ட கனாக் கண்டு தோழி தேவந்திகிட்ட சொல்றா. தேவந்தி பரிகாரம் சொல்றா, குண்டம்ங்கிற குளத்துல குளிச்சு காமவேள் கோயில்ல கும்பிடலாம் வான்னு. கண்ணகி "பீடன்று"ன்னுடறா, அது எனக்குப் பெருமை இல்லைன்னு. சொல்லி வாய் மூடல, கோவலன் வந்து நிக்கிறான், எல்லாம் தொலைச்சிட்டேங்கிறான், இவ சிலம்ப எடுத்துக்கோங்கிறா. கனா பயமுறுத்துறதோட நிக்கல பாரு, அவ எப்படிப்பட்டவன்னு காட்டுது, அந்த குணம்தான் அடுத்த நிமிஷம் சிலம்ப எடுத்துக் கொடுக்க வைக்குது, அந்த சிலம்புதான் அவன் உசிர வாங்குது. சும்மா பக்கத்துல நின்னு பயங்காட்டுற சகுனத்துக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உன் அண்ணன் தம்பி கதைல காக்கா கரைஞ்சா அதனால யாரு என்ன செய்வாங்கன்னு யோசி. ஒண்ணும் செய்ய மாட்டாங்கன்னா அந்தக் காக்கா வேண்டாம்.

நாகலூர்_தோட்டம்:

தமிழய்யா சொன்னதப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல. நாங்க மூணு தலைமுறையா காப்பிதாங்க, அதனால மூடுபனிலேர்ந்தே வர்றேன்.

தங்கச்சி, ஏற்காட்டப் பத்தி எழுதுற எல்லாரும் மூடுபனிய மர்மமா எழுதுறாங்க. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வர்றவங்களுக்கு அது மர்மம். மேலயே இருக்கிறவனுக்குப் பனி வந்தா ஒரே நினைப்பு, களத்துல காப்பி கெடக்கு. பழம் பறிக்கிற காலத்துல, நவம்பர் டிசம்பர்ல, வடகிழக்கு மழையும் பனியும் சேர்ந்து வரும், காயப்போட்ட பழம் நனைஞ்சா பூசணம் புடிச்சு வெலை போயிரும். அதனால பனி எறங்குறப்ப வீட்ல இருக்கிற அத்தன பேரும் சாப்பிட்ட கையோட ஓடி தார்ப்பாய இழுப்போம், ஆளுக்கு ஒரு முனை. யாரு எந்த முனைய புடிக்கணும்னு யாரும் சொல்ல வேண்டியதில்ல. அந்த முனைல ஒரு நாள் தம்பி இல்லைன்னு மட்டும் எழுதுங்க. மேல வாழ்ந்தவங்களுக்கு அது காக்காவ விட பத்து மடங்கு.

அடுத்தது இன்னும் முக்கியம். சண்டை எதனாலன்னு நீங்க சொல்லல, நான் ஒண்ணு சொல்லிப் பார்க்கிறேன். நம்ம தோட்டங்கள்ல காப்பிக்கு நெழலா சில்வர் ஓக் நிக்கும், அதுல மிளகுக் கொடி ஏத்திருப்போம். மரத்துக்குக் காசு உண்டு. தம்பிக்குக் கீழ டவுன்ல பணமுடை, கெழக்கு மூலைல இருக்கிற சில்வர் ஓக்க வித்துரலாம்ங்கிறான், அண்ணன் அரை மனசா சரிங்கிறார். மலைல மரம் வெட்ட மனு போடணும், 1955-லயே மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்துருச்சு, அந்த மனுல யாரு கையெழுத்து, யாரு பேருல பணம் வருதுங்கிறதே உங்களுக்கு ஒரு காட்சி. மரம் சாயுறப்ப மிளகுக் கொடியும் கூடவே சாயும், அது அம்மா நட்ட கொடின்னா இன்னும் கேக்கவே வேண்டாம்.

இப்ப நெழல் போச்சு. அராபிகா காப்பிக்கு இருக்கிற பெரிய எமன் தண்டு துளைக்கிற போரர். அந்த வண்டு வெயில் படுற செடியத் தேடித்தான் வரும். ஏப்ரல், மே மாசத்துல பறக்கும், மறுபடி அக்டோபர் டு டிசம்பர் பறக்கும், பட்டை வெடிப்புல முட்டை வச்சிட்டுப் போயிரும். புழு தண்டுக்குள்ள இருந்துக்கிட்டே மாசக்கணக்கா தின்னும். வெளிய பார்த்தா செடி பச்சப்பசேல்னு இருக்கும். தண்ட கையால கீழிருந்து மேல தடவினா தெரியும், பட்டைக்கு அடில நரம்பு மாதிரி ஒரு மேடு ஓடும். அனுபவஸ்தன் கைக்கு மட்டும்தான் அது படும். எல மஞ்சளாகி தொங்குறப்ப எல்லாம் முடிஞ்சிருக்கும், செடியப் புடுங்கி எரிக்கணும், இல்லைன்னா பக்கத்து செடிக்குப் போயிரும்.

காலக் கணக்கும் உங்களுக்கு அப்படியே ஒத்து வருது பாருங்க. மார்ச்ல பூ மழைக்கு தோட்டமே வெள்ளையாப் பூத்து வாசம் தூக்குறப்ப மரத்த வெட்டுறாங்க, எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. ஏப்ரல், மே மாசத்துல வண்டு. ஆடில அண்ணன் சும்மா நடந்து போறப்ப ஒரு தண்டத் தடவுறார், கை நிக்குது, ஒண்ணும் சொல்லாம நடக்கிறார். அறுவடைக்கு வர்றப்ப கெழக்கு மூலை மஞ்சள். சண்டை வர்றதுக்குக் காரணமும் அதுதான், நீங்க முன்னாடியே காட்டுற அடையாளமும் அதுதான். தனியா ஒரு சகுனத்தத் தேடிக் கொண்டு வந்து ஒட்ட வேண்டியதே இல்ல.

செவ்வாய்பேட்டை_கொலுசு:

நாகலூர் அண்ணா, அந்த தண்டு தடவுறது செமண்ணா, நானே எழுதணும்போல இருக்கு. ஆனா ஒரு விஷயத்துல மாத்துக் கருத்து. எல்லாமே இப்படி மெல்ல மெல்ல, கண்ணுல படாம வச்சா பாதி பேரு தாண்டிப் போயிருவாங்க. சில கதைக்கு சத்தமா சொல்றதும் தேவைதான்.

பொன்னியின் செல்வன எடுத்துக்குங்க. 1950-ல ஆரம்பிச்சு 54 வரைக்கும் கல்கி பத்திரிகைல வாராவாரம் வந்தது. ஒரு வாரம் படிச்சத அடுத்த வருஷம் ஞாபகம் வச்சிருக்கணும்னா மெல்லிசா கோடு போட்டா எப்படி? அதனால வானத்துல வால் நட்சத்திரத்தையே வச்சுட்டார், ஊரே அண்ணாந்து பார்த்து அரச குடும்பத்துக்கு ஆகாதுன்னு பேசிக்குது. யாரு மறப்பா? கடம்பூர் மாளிகைல நடக்கிற வேலனாட்டம் அத விட சத்தம். தேவராளன் சாமி வந்து ஆடி, பழைய ராஜவம்சத்து இரத்தம் பலியா வேணும்னு கேக்கிறான். பல பாகம் தள்ளி ஆதித்த கரிகாலன் செத்துக் கெடக்கிறது அதே கடம்பூர் மாளிகைலதான். முதல் தடவ படிக்கிறப்ப எனக்கு அது வெறும் சாமியாட்டம். அப்புறம்தான் தெரியுது அந்த தேவராளனே சதிகாரக் கும்பல்ல ஒருத்தன்னு. சாமி கேக்கல, இவன்தான் கேட்டிருக்கான்! ரெண்டாம் தடவ படிச்சப்ப அந்த அத்தியாயத்துல உடம்பு புல்லரிச்சிருச்சு. சத்தமாவும் இருக்கு, ஆனா அது என்னன்னு நமக்குப் புரியல. அக்கா நாவல்ல அப்படி ஒண்ணாவது வேணும்னு நினைக்கிறேன்.

இன்னொண்ணு, எங்க தெருவுலேர்ந்து. இங்க வீட்டுக்கு வீடு வெள்ளிக் கொலுசு வேலை. வெள்ளிய எடை போட்டுக் கொடுப்பாங்க, கொலுசா திருப்பி வாங்குறப்ப மறுபடி எடை, நடுவுல சேதாரம்னு ஒரு கணக்கு. பங்காளிங்க சேர்ந்து பட்டறை வச்சிருந்தா எடைய யாரும் உத்துப் பார்க்க மாட்டாங்க, ஒருத்தர் சொன்ன எடைய இன்னொருத்தர் நோட்டுல எழுதிக்குவாரு. என்னிக்கு ஒரு அண்ணன்காரர் தராசப் பார்த்துட்டு சாதாரணமா "இன்னொரு தடவ போடு"ங்கிறாரோ அன்னிக்கு வீட்ல ஒரு மாதிரி ஆயிரும், பொம்பளைங்க அடுப்படில பேச்ச நிறுத்திருவாங்க. யாரும் திட்டல, யாரும் கத்தல. உங்க கதைல காப்பி மூட்டைக்கும் எடை உண்டுல்ல அக்கா, தம்பி வேற கணக்கு எழுதுறவன்.

அம்மாப்பேட்டை_தமிழய்யா:

கொலுசுத் தம்பி, சத்தமா சொன்னாலும் சொல்லலாம்கிறது நியாயந்தான். சிலப்பதிகாரத்துக்கு முன்னுரை மாதிரி இருக்கிற பதிகத்துலயே கதை முழுசும் சொல்லியாச்சே, கோவலன் சாவான், மதுரை எரியும்னு தெரிஞ்சுதான் முதல் காதைக்குள்ள நுழையறோம். தெரிஞ்சிருந்தும் கொடி கைகாட்டுறப்ப நெஞ்சு அடிச்சுக்குது. என்ன நடக்கும்னு மறைச்சு வைக்கிறதுலயே எல்லா பரபரப்பும் இருக்குன்னு நினைக்க வேண்டாம். ஆனா வால் நட்சத்திரம் சோழ நாட்டுக்குத் தாங்கும். அண்ணன் தம்பி தோட்டத் தகராறுக்கு வானத்துலேர்ந்து எதையாவது எறக்கினா கதை சுமக்காது. தராசு சரியான அளவு.

கன்னங்குறிச்சி_வாசகி:

எனக்குக் கை நடுங்குதுங்க, ஒரு ராத்திரில இவ்ளோவா! நாகலூர் அண்ணா, சண்டைக்குக் காரணம் நான் இன்னும் முடிவு பண்ணல, தோட்டத்த பாகம் பிரிக்கிறதுன்னு மேலோட்டமா வச்சிருந்தேன், இந்த நெழல் மரத்த எடுத்துக்கலாமா, உங்களுக்கு ஆட்சேபனை இல்லையே?

ரெண்டு சந்தேகம். ஒண்ணு, மார்ச்ல வெட்டுன மரத்த அறுவடை வர்ற வரைக்கும் வாசகர் ஞாபகம் வச்சிருப்பாங்களா, நடுவுல கல்யாணம், அம்மாவோட வைத்தியம்னு நெறைய வருது. அடிக்கடி ஞாபகப்படுத்தினா காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிரும். ரெண்டாவது, அரிவாள். அது கடைசில திடீர்னு கையில வர முடியாதுல்ல, முன்னாடியே காட்டணும், ஆனா அரிவாளக் காட்டினாலே இது வெட்டத்தான்னு தெரிஞ்சிருமே.

ஐந்துரோடு_புத்தகப்புழு:

ரெண்டு சந்தேகத்துக்கும் வெளிநாட்டு நாவல்கள்ல நல்ல உதாரணம் இருக்குங்க, எனக்குப் புடிச்ச மூணு சொல்றேன்.

அரிவாளுக்கு ஸ்டெயின்பெக்கோட ஆஃப் மைஸ் அண்ட் மென், 1937-ல வந்தது, சின்ன நாவல். பண்ணைல கேண்டின்னு ஒரு கிழவரு, அவருகிட்ட ஒரு கிழட்டு நாய். நாத்தம் தாங்கலன்னு கார்ல்சன் தன்னோட துப்பாக்கியால அத சுட்டுடறான். அந்தக் காட்சில நம்ம மனசு முழுக்க கிழவர் மேலதான் இருக்கும், வெளிய வெடிச் சத்தத்துக்காக எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கிற அந்த அமைதி தாங்கவே முடியாது, துப்பாக்கி எங்க இருக்கு, யாருதுங்கிறது சும்மா மனசுல ஒட்டிக்கும். அப்புறம் கிழவர் சொல்வார், என் நாய நானே சுட்டிருக்கணும், வேத்தாள விட்டிருக்கக் கூடாதுன்னு. கடைசில ஜார்ஜ் தன்னோட உயிர் சிநேகிதன் லென்னிய சுட வேண்டி வருது, அதே துப்பாக்கி. கும்பல் கையில மாட்ட விடாம தானே செய்றான். ஆயுதம் ஏற்கனவே வந்தாச்சு, அத எப்படி, எந்த மனசோட பயன்படுத்துறதுங்கிறதும் வந்தாச்சு, எல்லாம் ஒரு நாய் பேருல. அதனால உங்க அரிவாள வேற வேலைல காட்டுங்க. தோட்டத்துல அரிவாள் இல்லாத நாள் ஏது, செடி கவாத்து பண்றது, மிளகுக் கொடி வெட்டிவிடுறது. அண்ணன் தம்பிக்கு சின்ன வயசுல கவாத்து சொல்லிக் கொடுத்த அரிவாள்னு ஒரு பாசமான காட்சில வந்துட்டுப் போகட்டும், படிக்கிறவங்க கண்ணு பாசத்துல இருக்கும்.

ரெண்டாவது டால்ஸ்டாயோட அன்னா கரேனினா. அன்னா முதல் தடவ மாஸ்கோ ஸ்டேஷன்ல வந்து எறங்குறப்பயே ஒரு ரயில்வே காவலாளி வண்டில அடிபட்டு செத்துடறான். கெட்ட சகுனம்னு அன்னாவே வாய்விட்டு சொல்லிடறா. கடைசில அவளும் ரயில்லதான். இத மட்டும் சொன்னா ரொம்ப பச்சையாத் தெரியும், ஆனா அந்தக் காட்சி இன்னொரு வேலையும் செய்யுது. அந்தக் குடும்பத்துக்கு ஏதாவது செய்ய முடியாதான்னு அன்னா கேக்கிறா, உடனே விரான்ஸ்கி போய் இருநூறு ரூபிள் கொடுத்துட்டு வர்றான். யாருக்காகக் கொடுத்தான்னு படிக்கிற நமக்கும் புரியுது, அன்னாவுக்கும் புரியுது. அவங்க காதல் அங்கதான் மொட்டு விடுது, ஒரு பொணத்துக்குப் பக்கத்துல. தமிழய்யா கண்ணகி கனாவுக்கு சொன்னதேதான், அந்தக் காட்சியால கதை ஒரு அடி நகருது.

மூணாவது உங்க மரத்துக்கு. அச்சிபியோட திங்ஸ் ஃபால் அபார்ட், 1958. நைஜீரிய கிராமம். ஒரு நாள் வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து எறங்குது, நாம பயப்படுறோம், ஆனா ஊருக்கே கொண்டாட்டம், ஏன்னா அவங்க அத வறுத்து சாப்பிடுவாங்க. முதல்ல ஒரு சின்ன கூட்டம் வரும், அது வேவு பார்க்க வந்தது, பின்னாடிதான் பெரிய கூட்டம்னு எழுதிட்டுப் போயிடுவார். பல அத்தியாயம் கழிச்சு வேற ஒரு ஊருல வெள்ளைக்காரன் ஒருத்தன் சைக்கிள்ல வந்த கதைய நண்பர் வந்து சொல்றப்ப, இவங்க வெட்டுக்கிளி மாதிரி, இவன் வேவு பார்க்க வந்தவன்னு குறி சொன்னதா வருது. நமக்கு அந்தக் கொண்டாட்டம் சட்டுனு ஞாபகம் வந்து தொண்டை அடைக்குது. நடுவுல ஒரு தடவகூட வெட்டுக்கிளிய இழுத்து ஞாபகப்படுத்த வேண்டியிருக்கல, ஏன்னா முதல் காட்சி அவ்ளோ ருசியா, அவ்ளோ சத்தமா, சந்தோஷமா இருந்துச்சு. சந்தோஷமா இருக்கிற காட்சி மறக்காது. பூ பூத்த மார்ச்ல மரம் வெட்டுறத ஒரு விசேஷ நாளா எழுதுங்க, கூலிக்கு வந்தவங்களுக்கு சாப்பாடு, குழந்தைங்க சாஞ்ச மரத்து மேல ஏறி ஆடுறது, முதல் தடவையா வீட்டு முத்தத்துல நேரா வெயில் விழுறத அம்மா ஆச்சரியமாப் பார்க்கிறது. அப்புறம் வாசகருக்கு நீங்க சொல்லித்தர வேண்டியதில்ல.

நாகலூர்_தோட்டம்:

ஆட்சேபனையா, தாராளமா எடுத்துக்க தங்கச்சி, மலையில இருக்கிற யாரும் இது என்னுதுன்னு சொல்ல முடியாது. அந்த முத்தத்துல வெயில் விழுறது ரொம்ப சரி, எங்க வீட்லயும் ஒரு மரம் போனப்ப அப்படித்தான், எங்கம்மா வத்தல் காயப்போட எடம் கெடைச்சிருச்சுன்னு சந்தோஷப்பட்டாங்க.

கன்னங்குறிச்சி_வாசகி:

காலைல எந்திரிச்சு ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன், அறுவடைக் காலத்துல வர்ற தார்ப்பாய்க் காட்சி. தயவு தாட்சண்யம் பார்க்காம சொல்லுங்க.

"ஏரிப் பக்கமிருந்து பனி ஏறத் தொடங்கியதும் பொன்னுசாமி களத்துக்கு ஓடினான். நான்கு நாள் காய்ந்த பழம், கையில் அள்ளிக் குலுக்கினால் உள்ளே கொட்டை சலசலக்கும் பக்குவம். தார்ப்பாயை விரித்து இரண்டு முனைக்குக் கல் வைத்தான். மூன்றாவது முனையில் அவன் மனைவி நின்றாள். நாலாவது முனை குமரேசனுடையது. குமரேசன் திண்ணையில் செல்போனைக் காதில் வைத்திருந்தான். 'இதோ வந்துட்டேண்ணா' என்றான், எழுந்திருக்கவில்லை. பொன்னுசாமி இன்னொரு முறை கூப்பிடவில்லை. மேஸ்திரியின் மகன் ஓடி வந்து முனையைப் பிடித்தான். களத்தின் கிழக்கே வெட்டின மரங்களின் அடிக்கட்டைகள் வெளுத்துத் தெரிந்தன. வரப்போகும் புயலின் முதல் காற்று அதுதான் என்று அவனுக்கு அப்போது தெரியவில்லை."

அம்மாப்பேட்டை_தமிழய்யா:

"பொன்னுசாமி இன்னொரு முறை கூப்பிடவில்லை"ங்கிற வரி வந்துருச்சேம்மா, அதுக்கு மேல என்ன வேணும். மூத்தவன் மனசுல ஏதோ மூடிக்கிச்சுன்னு அந்த மூணு நாலு வார்த்தைலயே தெரியுது. கடைசி வரிய எடுத்துரு. அது நீ வந்து நடுவுல நின்னு வாசகர் தோளத் தட்டுற மாதிரி இருக்கு. அடிக்கட்டைய வெளுத்துத் தெரிஞ்சதோட விட்டுடு.

செவ்வாய்பேட்டை_கொலுசு:

ஐயா சொன்னது சரி, கடைசி வரி வேண்டாம் அக்கா. ஆனா இப்படியும் பாருங்க, பின்னாடி நடந்தத ஒரு வயசானவர் நினைச்சுப் பார்த்து சொல்ற மாதிரி மொத்த நாவலும் இருந்தா அந்த மாதிரி வரி செல்லும், அப்ப அது அவரோட வருத்தம். கதைய யாரு சொல்றாங்கன்னு முடிவு பண்ணிட்டீங்களா? அண்ணன் பக்கம் மட்டும்தான் இப்ப தெரியுது. தம்பி போன்ல யாருகிட்ட பேசிட்டு இருந்தான்னு எனக்குத் தெரியணும். கடன் கொடுத்தவன்கிட்டயா இருந்தா அவன் மேலயும் எரக்கம் வந்துரும், அப்பதான் அரிவாளோட நிக்கிறப்ப ரெண்டு பேருக்காகவும் பயப்படுவோம்.

நாகலூர்_தோட்டம்:

ஒரு திருத்தம் தங்கச்சி, நான்கு நாள்ல கொட்டை சலசலக்காது. பழமாவே காயப்போட்டா நல்ல வெயில்ல பன்னெண்டு பதினஞ்சு நாளு ஆகும் அந்த சத்தம் வர. இத சும்மா தகவலுக்காக சொல்லல, இது உனக்கு நல்லதுதான். பதினாலு நாளு தினமும் கிளறிவிட்டு, சாயங்காலம் குவிச்சு மூடி, காலைல பிரிச்சுப் போட்டு, இன்னிக்கு ஒரு நாள் தாண்டினா மூட்டை கட்டிரலாம்ங்கிற அன்னிக்குத்தான் அவன் எந்திரிக்கல. நாலு நாளுன்னா அண்ணன் மன்னிச்சிருவாரு. அத மாத்திட்டு அடுத்த பத்தியும் போடு, மூட்டை எடை போடுற காட்சிய படிக்கணும், தராசுகிட்ட யாரு நிக்கிறாங்கன்னு பார்க்கலாம்.